கல்பிரெத் வீட்டு டோர்கஸ்

மூன்று நாள் விடாமல் அடித்த மழை அன்றைக்குக் காலையில்தான் கொஞ்சம் வெறித்திருந்தது. கல்பிரெத் வீட்டுப் புழக்கடையில், இரும்புக் கொப்பரைக்கு அடியில் டோர்கஸ் மூட்டிய விறகு அத்தனையும் ஈரம். புகைந்ததே தவிர எரியவில்லை. எரியாவிட்டால் யாருக்கு என்ன? திங்கட்கிழமை என்றால் அந்த வீட்டு அழுக்கு முழுதும் வெளுத்தாக வேண்டும். மழை பெய்கிறதே என்று எசமானி ஒரு தலையணை உறையைக்கூடக் குறைத்துப் போட மாட்டாள்.

டோர்கஸ் குனிந்து ஊதினாள். கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. சாம்பல் தண்ணியிலும் சவுக்காரத்திலும் ஊறி ஊறி அவள் விரல் நுனிகளில் ரேகையே கிடையாது. ஐம்பது தாண்டிய உடம்பு. ஆனால் துணியைக் கட்டையில் போட்டு மட்டையை ஓங்கினால் ஆற்றங்கரை வரைக்கும் சத்தம் கேட்கும்.

அடிக்கும்போது அவள் வாய் சும்மா இருக்காது. ஒரு அடிக்கு ஒரு பேர். "மிம்பா. ஜூனோ. டோர்கஸ். சேப்ரா." நாலு அடி. மறுபடி முதலிலிருந்து. மிம்பா கடல் தாண்டி அடிமையாகக் கொண்டுவரப்பட்டவள். ஜூனோ அவள் மகள், டோர்கஸைப் பெற்றவள். சேப்ரா டோர்கஸின் தலைப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குத் தன் வம்சத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேறே இடம் ஏது?

"ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் டெம்பி, கொடியில் விரிப்பை உதறிப் போட்டபடி. கூட வேலை செய்கிறவள், பத்து வயசு இளையவள், வாய் மட்டும் ரெண்டு ஆள் வாய். "உன் பட்டியல்ல புருசன் பேரு ஒண்ணையும் காணோமேக்கா?"

"புருசனுக்கு என்னடி? இன்னைக்கு இருப்பான், நாளைக்குக் கொண்டுபோய் வித்துருவாங்க."

"இப்பத்தான் யாரும் யாரையும் விக்கிறதில்லையே."

"சரி, ஓடிப்போயிருவான்."

டெம்பி சிரித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வடக்க கேன்சஸு போறீங்களாமே, நம்ம சனத்துக்கு நிலம் கெடைக்குமாமே? ஊரே பேசுது. பிரைமஸு அண்ணன் கோழியை எல்லாம் வித்துட்டாராம்."

"அவரு போறாரு, மவன் போறான். நான் இன்னும் வாயத் தொறக்கலை."

"போக்கா, போய்த் தொலை. இங்க என்ன வாழுது? போற எடத்துலயாவது அந்தப் பேரைக் கழட்டி ஆத்துல போடு. கல்பிரெத்! நெனச்சாலே எனக்கு நாக்கு கசக்குது. நீ எப்படித்தான் சுமக்கியோ."

டோர்கஸ் மட்டையை எடுத்தாள்.

விடுதலை வந்த வருசம் இந்த ஆற்றோரத்துச் சனம் எல்லாம் இலைப்பந்தலுக்குக் கீழே கூடி ஆளுக்கொரு பேர் வைத்துக்கொண்டது. அதுவரை முன்பேர் மட்டும்தான், பின்னால் எசமான் பேர். அன்றைக்கு ஒருத்தன் தனக்கு பிஸ்கட் கொடுத்த பட்டாளத்துக் கேப்டன் பேரை எடுத்துக்கொண்டான். ஒருத்தன் ஆற்றின் பேரை. டெம்பி வானத்தை அண்ணாந்து பார்த்தாள், நல்ல வெயில். 'ஃபேர்வெதர்' என்று வைத்துக்கொண்டாள். கல்பிரெத்தின் கொல்லன் பிரைமஸ் எழுந்து, "எங்கப்பன் பேரு மிங்கோ. பருத்திக் காட்டுல விழுந்து செத்தான், குழிமேட்டுல ஒரு குச்சி கூட நட விடலை. இன்னையில இருந்து நான் பிரைமஸ் மிங்கோ" என்றபோது பந்தலே அழுதது. அடுத்து அவன் பெண்டாட்டி எழுந்தாள். மகன் லைஜ், பத்து வயசு, அம்மா பக்கத்தில் நிற்கிறான். எல்லாரும் 'மிங்கோ' என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்தால், "டோர்கஸ் கல்பிரெத்" என்றாள். கேட்ட கிழவர் ஒருத்தர் காறித் துப்பினார். அன்றிலிருந்து பதினாலு வருசமாக அவளை வெள்ளைக்காரன் காலை நக்குகிறவள் என்று பேசாத வாய் இந்தப் பக்கத்தில் கிடையாது.

பேசட்டுமே. அவளுக்குத்தானே தெரியும்.

ஜார்ஜியாவில் இருக்கும்போது நடந்தது. விடுதலைக்குப் பதிமூன்று வருசம் முன்னால். சேப்ராவுக்கு ஆறு வயசு. அடிமை வியாபாரிக்கு விற்று, அவன் வண்டியின் பின்னால் கயிற்றில் கட்டி நடக்க வைத்தார்கள். கேட் வரைக்கும் கூடப் போகலாம் என்று எசமான் பெரிய மனசு பண்ணினார். அந்த நூறடி தூரத்தில் ஒரு தாய் என்னத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும்? "நீ யாருன்னு எவன் கேட்டாலும் கல்பிரெத் வீட்டு டோர்கஸ் மவள்னு சொல்லு. எங்க சொல்லு? இன்னொரு தடவ சொல்லு." குழந்தை அழுதுகொண்டே சொன்னது. கேட்டைத் தாண்டியும் சொல்லிக்கொண்டே போனது. ரெண்டு வருசத்தில் எசமான் ஜார்ஜியா நிலத்தை விற்றுவிட்டு அடிமைகளை ஓட்டிக்கொண்டு இந்த மிசிசிப்பிக் கரைக்கு வந்துவிட்டார். ஊர் மாறிப்போச்சு. பிள்ளை கையில் இருக்கிற ஒரே விலாசம் அந்தப் பேர்தான். அதையும் இவள் மாற்றிக்கொண்டால் அது யாரைக் கேட்டு வரும்? அதற்காகத்தான் இந்தப் பேர். அதற்காகத்தான் வேறு நல்ல வீடு கிடைத்தும் போகாமல் இந்த எசமானியின் வசவை வாங்கிக்கொண்டு இந்தக் கொல்லையிலேயே கிடப்பது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது லைஜ் குப்புறப் படுத்திருந்தான். இருபத்துநாலு வயசு, ஆள் கதவு உயரம். போன மாசம் பருத்தி அரைக்கிற ஆலை முற்றத்தில், பட்டப்பகலில், குதிரையில் வந்த நாலு வெள்ளைக்காரர்கள் அவனைத் தூணில் கட்டிச் சாட்டையால் முதுகை உரித்துவிட்டார்கள். தேர்தலில் ஓட்டுப் போட்டதோடு நிற்காமல் மற்றவர்களையும் போடச் சொன்னானாம். விதைப்பு முடிவதற்குள் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை என்றால் ஆற்றில்தான் கிடப்பாய் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னால் செய்கிறவர்கள்தான்.

டோர்கஸ் பன்றிக்கொழுப்பைச் சுட வைத்து முதுகில் தடவினாள். டர்னிப் கீரை அடுப்பில் கொதித்தது. மக்காச்சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"பத்து நாள்ல ஸ்டீமர் வருது" என்றான் பிரைமஸ். கதவருகில் உட்கார்ந்து உளியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். "நம்ம ஆளுங்க முப்பது பேரு ஏறுறாங்க. நீயும் வர்றதானே?"

"வர்றேன்னு யாரு சொன்னா?"

"இவன் முதுகைப் பாத்துமா இப்படிப் பேசுற?"

"பாக்காமயா கொழுப்பைத் தடவுறேன்? ஏய்யா, நான் போயிட்டா அவ வந்து யாரைக் கேப்பா?"

"யாரு?"

"யாரா? யாருன்னு உனக்குத் தெரியாது?"

பிரைமஸ் சுற்றிய உளியை மறுபடி பிரித்தான். இந்தப் பேச்சு வந்தால் அவன் எப்போதும் இப்படித்தான், ஏதாவது இரும்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

"சரி, வர்றேன்" என்றாள் டோர்கஸ் கொஞ்ச நேரம் கழித்து. "பெத்ததுல ஒண்ணைத்தான் குடுத்துட்டேன், இன்னொண்ணையும் ஆத்துல பாக்க எனக்குத் தெம்பு இல்லை. ஆனா போறதுக்கு முன்னால சர்ச் பேப்பருக்கு ஒரு கடுதாசி எழுதணும். நாங்க இன்ன ஊருக்குப் போறோம்னு. டே லைஜு, எந்திரி. பேனாவை எடு."

சர்ச் பேப்பர் என்றால் மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டீமரில் வருவது. கடைசிப் பக்கம் முழுக்கத் தேடுகிறவர்கள். 'என் தாயைத் தேடுகிறேன், என் அண்ணனைத் தேடுகிறேன், இன்னாரிடம் இருந்தோம், இன்னாருக்கு விற்றார்கள்' என்று வரிசையாக வரும். பிரசங்கம் முடிந்ததும் அதைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும். அது எல்லாச் சபையிலும் உள்ள வழக்கம். பாஸ்டருக்கு எழுத்துப் பாதிதான் தெரியும், கண்ணும் மங்கல். அதனால் பள்ளிக்கூடம் போன லைஜ்தான் பதினாலு வயசிலிருந்து வாசிப்பவன். டோர்கஸ் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மகன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு மாசம் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கூடத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிப் போய்விட்டாள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளை ஊர் முன்னால் நின்று படிக்கிறானே என்று பெருமை வேறு.

"நாளைக்கு எழுதலாமே" என்றான் லைஜ்.

"முதுகுலதான் அடி, கையில இல்லையே. எழுது."

லைஜ் எழுந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டான். டோர்கஸ் கையைத் துடைத்துக்கொண்டு, சபையில் சாட்சி சொல்கிறவள் மாதிரி நின்றுகொண்டே சொன்னாள்.

"என் பேரு டோர்கஸ் கல்பிரெத். எங்கம்மா ஜூனோ. அவ அம்மா மிம்பா, கடல் தாண்டி வந்தவ. எழுதினியா? ஜார்ஜியாவுல இருந்தோம். மகளைத் தேடுறேன். பேரு சேப்ரா. ஆறு வயசுல வித்தாங்க. எடது புருவத்துல அடுப்புல விழுந்த தழும்பு இருக்கும். அவ அப்பன் பேரு ஜூபல். பக்கத்துத் தோட்டத்து ஸ்ட்ரவுடுக்குச் சொந்தம். சனிக்கிழமை சனிக்கிழமை எசமான்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கிட்டு எங்களைப் பாக்க வருவாரு, கையில மீனு இல்லாம வரமாட்டாரு. அவரையும் லூசியானா பக்கம் கொண்டுபோயிட்டாங்க..."

பிரைமஸ் எழுந்து வெளியே போய், வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

பேனா நின்றுவிட்டது.

"என்னடா, மை தீந்துருச்சா?"

"அம்மா, இதை எழுத வேணாம்."

"ஏன்?"

"இது ஏற்கெனவே வந்துருச்சு."

"எது வந்துருச்சு?"

லைஜ் அலமாரிப் பலகையிலிருந்து பைபிளை எடுத்தான். பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் பிறப்பு எழுதுகிற பக்கம் ஒன்று உண்டு. 'லைஜ் மிங்கோ' என்று ஒரே ஒரு வரி. அந்தப் பக்கத்துக்குள் மடித்த காகிதத் துண்டு ஒன்று இருந்தது, பழுத்துப்போய். அந்த பைபிளை டோர்கஸ் தினமும் தூசி தட்டுவாள். படிக்கத் தெரியாவிட்டாலும் திறந்து அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்ப்பாள். காகிதத்தைப் பார்த்திருக்கிறாள். ஏதோ அடையாளத்துக்கு வைத்திருக்கிறான் என்று அப்படியே மூடிவிடுவாள்.

"படி" என்றாள்.

"அம்மா..."

"படிடா."

அவன் படித்தான். சபையில் படிக்கிற அதே குரல். "என் தாயைத் தேடுகிறேன். பெயர் டோர்கஸ். ஜார்ஜியாவில் கல்பிரெத் என்பவருக்குச் சொந்தம். அவர்கள் மேற்கே போய்விட்டதாகக் கேள்வி. நான் அவளுடைய ஒரே குழந்தை சேப்ரா. என் தகப்பன் ஜூபல் விடுதலைக்குப் பிறகு என்னைத் தேடிக் கண்டுபிடித்து என்னோடு இருக்கிறார். வேறு மணம் செய்துகொள்ளவில்லை. தாயைப் பார்க்க இருவரும் காத்திருக்கிறோம். லூசியானா, சைப்ரஸ் துறை தேவாலயத்து பாஸ்டருக்கு எழுதவும்."

கீரை அடிப்பிடிக்கிற நாற்றம் வந்தது. டோர்கஸ் போய்ச் சட்டியை இறக்கி வைத்தாள். அப்புறம் அங்கேயே, தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப வந்துச்சு இது?"

"எட்டு வருசம் ஆச்சு."

"எட்டு."

"எனக்குப் பதினாறு வயசும்மா. படிச்சுக்கிட்டே வர்றேன், உன் பேரு கண்ணுல பட்டுருச்சு. அடுத்த வரியில அவரு பேரு. அப்பா ரெண்டாவது பெஞ்சுல உக்காந்துருக்காரு. எனக்கு ஒண்ணும் ஓடலை. நீ போயிருவன்னு நெனச்சேன். அதை விட்டுட்டு அடுத்ததைப் படிச்சுட்டேன்."

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும் வந்துச்சு. அப்பவும் விட்டுட்டேன்."

டோர்கஸ் மகனை நிமிர்ந்து பார்த்தாள். "பாவி, எட்டு வருசமா மாசாமாசம் முன்னால உக்காந்து உன் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தேனேடா. இன்னைக்காவது வந்துறாதா, இன்னைக்காவது வந்துறாதான்னு. நீயும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டேதானடா படிச்ச? உனக்கு எப்படிடா தொண்டையில சோறு எறங்குச்சு?"

வாசலில் இருந்து பிரைமஸ் திரும்பினான். "அவனைத் திட்டாத. முதல் தடவை படிக்காம விட்டவன் நேரா சோளக்கொல்லைக்கு வந்து எங்கிட்டச் சொல்லிட்டான். அழுதான்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குக் காது கேக்கலைன்னு சொன்னேன்."

 மழை மறுபடி கூரைப் பலகையில் விழ ஆரம்பித்தது.

"ஜூபல் உசுரோட இருக்கான்னு தெரிஞ்சா நீ இங்க நிப்பியா?" என்றான் பிரைமஸ். "அவன் உனக்கு மொதல்ல வந்தவன். எசமான் எங்கிட்ட உன்னைச் சேத்துவிட்டப்ப நீ ஒரு வருசம் எம்மூஞ்சியைப் பாத்துப் பேசலை. எனக்கு மறக்குமா?"

"போயிருப்பேனோ, நின்னுருப்பேனோ. அது என் பாடு. ஏய்யா, அப்பவே பதினேழு வருசம் கூட இருந்தவளை அதை ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையா? வியாபாரி கேக்க மாட்டான். எசமான் கேக்க மாட்டான். நீயுமா?"

 அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சைப்ரஸ் துறை பாஸ்டருக்குக் கடிதம் மறுநாளே போயிற்று. லைஜ் எழுதினான். எழுதியதை அவன் திருப்பிப் படித்துக் காட்டியபோது டோர்கஸ் நம்பவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு ஏழு மைல் நடந்து, மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்து மிஸ் ஓராவிடம் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். ஒரு வார்த்தை மாறவில்லை. ஆனாலும் கேட்டதற்கு அவளுக்கு வருத்தம் இல்லை. அவள் சரிபார்த்துவிட்டு வந்தது லைஜுக்கும் தெரிந்தது.

பத்தாம் நாள் ஸ்டீமர் வந்தது. முப்பது பேர் ஏறிப் போனார்கள். பிரைமஸ் ஏறவில்லை. "பதில் வரட்டும்" என்றான். "அடுத்த படகுக்குப் போவோம்." குதிரைக்காரர்கள் ரெண்டு தடவை வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். லைஜ் பகலெல்லாம் மூங்கில் புதருக்குள் இருந்தான். டோர்கஸ் வேலைக்குப் போகும்போது சோற்றைத் துணியில் கட்டிப் புதர் ஓரத்தில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போவாள். ரொட்டிக்குள் கறித்துண்டு வைத்திருப்பாள். பேச்சு மட்டும் இல்லை.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. காட்டுச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. துறையில் உறையை வாங்கியவள் பிரிக்கவில்லை. வீட்டுக்கும் கொண்டுபோகவில்லை. நேராக மேட்டுத் தெருவுக்கு நடந்தாள். டெம்பியும் கூட வந்தாள். வழியெல்லாம் டெம்பி எதையாவது பேசிக்கொண்டே வந்தாள். எதுவும் டோர்கஸ் காதில் ஏறவில்லை. சேப்ராவுக்கு இப்போது முப்பத்துமூன்று. பேரன் பேத்தி எடுத்திருப்பேனோ? ஜூபலுக்குத் தலை நரைத்திருக்குமா? அவர் முன்னால் போய் எப்படி நிற்பது?

மிஸ் ஓரா பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு உறையைப் பிரித்தாள். மனசுக்குள் ஒரு தடவை படித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உக்காருங்க அம்மா."

"நின்னுக்கிறேன். படிங்க."

மிஸ் ஓரா படித்தாள். ஜூபல் என்கிற பெரியவர் மூன்று வருசம் முன்னால் காலமாகிவிட்டார். சகோதரி சேப்ரா போன செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தக் கோடையில் எங்கள் துறையில் நாற்பத்தொரு பேரை அடக்கம் செய்தோம்...

"எப்ப?" என்றாள் டோர்கஸ்.

"போன செப்டம்பர்."

"ஆறு மாசம்." அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "ஏழு வருசம் இருந்துருக்கலாம் நான் அவ கூட. ஏழு வருசம். தலை வாரி விட்டுருப்பேன். பேறுகாலம் பாத்துருப்பேன். காய்ச்சல்ல கெடந்தப்ப ஒரு வாய்த் தண்ணி..." டெம்பி பிடித்துக்கொண்டாள். டெம்பிதான் சத்தம் போட்டு அழுதாள். டோர்கஸுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"இன்னும் இருக்கும்மா" என்றாள் மிஸ் ஓரா. "கேக்குறீங்களா?"

"ம்."

"'சேப்ராவின் கணவன் பேர் கெய்ன்ஸ், அவனும் அதே காய்ச்சலில் இறந்தான். ஆனால் சேப்ரா கெய்ன்ஸ் என்ற பேரைக் கடைசி வரை எடுத்துக்கொள்ளவில்லை. சபைப் புத்தகத்தில் சேப்ரா கல்பிரெத் என்றே எழுதச் சொன்னாள். விடுதலை பெற்றவள் எசமான் பேரைச் சுமக்கலாமா என்று சபையார் ஏசினார்கள், நானும் ஒருமுறை கடிந்துகொண்டேன். அப்பா என்னை இந்தப் பேரைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தார், அம்மாவும் இதைக் கேட்டுக்கொண்டுதான் வருவாள் என்றாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். சபையில் ஒரு விதவை வீட்டில் வளர்கிறாள். அவள் பேர் டோர்கஸ். டோர்கஸ் கல்பிரெத்.'"

வெளியே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது. டோர்கஸ் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். "எங்க இருக்கு அந்தப் பேரு?" என்றாள். மிஸ் ஓரா விரலை வைத்துக் காட்டினாள். ரேகை தேய்ந்த விரலால் அந்த எழுத்தின் மேல் ஒரு தடவை போய் வந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. ஏழு மைலும் அழுதுகொண்டேதான் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து ரெண்டு பேரிடமும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. லைஜ் சுவரில் தலையை முட்டினான். "நான்தான் கொன்னேன்" என்றான்.

"காய்ச்சல் கொன்னுச்சு. நீ கொல்லலை" என்றாள். "நீ என் ஏழு வருசத்தைத் தின்னுட்ட. அம்புட்டுதான்."

ரெண்டு நாள் கழித்துப் படகுத்துறை. பட்டப்பகல், நல்ல வெயில். மூட்டைகளும் பாத்திரங்களும் அழுகிற குழந்தைகளுமாகக் கரை நிறைந்திருந்தது. ஆற்றில் மேலே கேன்சஸ் பக்கம் போகிற ஸ்டீமர் புகை விட்டுக்கொண்டு நின்றது. அதற்குப் பின்னால், கீழே லூசியானாப் பக்கம் போகிற சின்னப் படகு. குதிரைக்காரர்கள் நாலு பேர் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அதனால் லைஜ் முதலில் ஏறவேண்டி இருந்தது. அவன் அம்மா முன்னால் வந்து நின்றான்.

"நான் உங்கூட வர்றேன். புள்ளையைக் கூட்டிட்டுச் சேந்து போவோம்."

"கீழ போற படகு பத்துத் துறையில நிக்கும். பத்துலயும் இவனுங்க ஆளு இருப்பானுங்க. நீ மேல போ."

"என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

டோர்கஸ் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள். முதுகுப் புண் பக்குத் தட்டியிருக்கிறதா என்று துணிக்கு மேலேயே தொட்டுப் பார்த்தாள். "வாய்க்கு வரலைடா" என்றாள். "வந்தாச் சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன் உங்கிட்ட. போ, ஏறு."

அவன் ஏறினான். பிரைமஸ் உளி மூட்டையோடு தயங்கி நின்றான்.

"வருவியா?" என்றான்.

"புள்ளையைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"நான் கேக்க வேண்டியதை இப்பக் கேக்குறேன் டோர்கஸு. எட்டு வருசம் தள்ளி. வருவியா?"

அவள் அவனை ரொம்ப நேரம் பார்த்தாள். கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனாலும் இத்தனை வருசம் ஒரு கூரைக்குக் கீழே படுத்த மனுசன்.

"கேன்சஸுல போயி என்ன பேரு எழுதுவ?"

"மிங்கோதான். வேற என்ன?"

"மாத்திறாத. எவன் என்ன சொன்னாலும் மாத்தாத. மவனையும் மாத்த விடாத. நான் வந்தா அந்தப் பேரைத்தான் கேட்டுக்கிட்டு வரணும்."

பிரைமஸ் தலையை ஆட்டினான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையில் ஏறிப் போனான்.

மேலே போகிற கப்பல் சங்கு ஊதிக் கிளம்பி, வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் நின்றாள். அப்புறம் தன் சின்ன மூட்டையை எடுத்துக்கொண்டு கீழே போகிற படகுக்குப் போனாள். வழியனுப்ப வந்த டெம்பி சோளப்பாகு ஊற்றிய ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

பலகைக்குப் பக்கத்தில் ஒருத்தன் காகிதக் கட்டோடு நின்றான். கறுப்பு ஆள், பட்டாளத்துக் கோட்டு. ஏறுகிறவர்களைப் பேர் கேட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"பேரு?"

டோர்கஸ் வாய்க்குள் எண்ணினாள். மிம்பா. ஜூனோ. டோர்கஸ். சேப்ரா. அப்புறம் இன்னொரு டோர்கஸ். இனிமேல் ஐந்து அடி.

"கல்பிரெத்" என்றாள். "கல்பிரெத் வீட்டு டோர்கஸ்."

அவன் பேனாவை நிறுத்தி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "இன்னுமா பெரியம்மா அந்த ஆளுங்க பேரைத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?"

"அவங்க பேரு இல்லை அய்யா" என்றாள் டோர்கஸ். "என் பேத்தி பேரு. எழுதுங்க."